என் பால்தான் குழந்தைக்கு விஷமாகிவிட்டதா, டாக்டர்?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து 27 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அவருடைய கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

சொந்தத் தாய்மாமனைக் கட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்பு முதல் பிரசவம். மூன்று கிலோ எடையில் ஆண் குழந்தை. நன்றாக அழுதது, முதல் நாள் நன்றாகப் பால் குடித்தது. இரண்டாம் நாள் இரவு பால் குடிப்பதை நிறுத்திவிட்டு, எழுப்பினாலும் எழாமல் தூங்கியது. கிருமித் தொற்று என்று ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் வேகமாக மூச்சு வாங்கி, வலிப்பும் வந்ததால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ரத்தத்தில் அம்மோனியா 900 மைக்ரோமோல் என்று தெரிந்தது. நான்காம் நாள் குழந்தை இறந்துவிட்டது. பிறகு வந்த அறிக்கையில், ரத்தத்தில் சிட்ருலின் மிகக் குறைவு, சிறுநீரில் ஓரோடிக் அமிலம் மிக அதிகம், ‘மைட்டோகாண்ட்ரியா நொதிக் குறைபாடு, ஓ.டி.சி. ஆக இருக்கலாம், மரபணுப் பரிசோதனை தேவை’ என்று இருந்தது. துக்கத்தில் யாரும் அதைச் செய்யவில்லை.

பிரசவமான ஆறாம் நாள் இவருக்கே வாந்தி, தலைவலி, அப்புறம் சம்பந்தமில்லாத பேச்சு. பிரசவ ஜன்னி, பிள்ளை போன அதிர்ச்சி என்று தூக்க மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட முடியாததால் குளுக்கோஸ் டிரிப் ஏற்றியதில் சில நாளில் தெளிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே முட்டையும் கறியும் பிடிக்காது. கல்யாண வீட்டில் வற்புறுத்திப் பிரியாணி சாப்பிட வைத்தால் அன்று ராத்திரி தலைவலியும் வாந்தியும் வரும் என்று இடையில் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

இப்போது ஒன்பது வாரக் கர்ப்பம். மாமியார்தான் இவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டியும். அந்தப் பாட்டிக்குப் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகள் ஒரு வாரம்கூட இருக்கவில்லை. பாலாரிஷ்டம் என்று விட்டுவிட்டார்கள். இப்போது உறவினர்கள், சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்கிறார்கள். கணவருக்கு வேறு பெண் பார்க்கலாம் என்ற பேச்சும் காதில் விழுகிறது. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வரும், அதனால் எல்லாக் குழந்தையும் இப்படித்தான் பிறக்கும் என்று இணையத்தில் படித்துவிட்டு, கருவைக் கலைத்துவிடலாமா என்று கேட்கிறார். பருப்பு, பால், தயிர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாராம். ஆணா பெண்ணா என்று பார்ப்பதே குற்றம், அதனால் வயிற்றில் இருக்கும்போது எந்தப் பரிசோதனையும் செய்ய முடியாது என்று ஸ்கேன் சென்டரில் சொன்னார்களாம். அமெரிக்காவில் ஒரு குழந்தையின் மரபணுவைத் திருத்திவிட்டார்களாமே, நமக்கு அது கிடைக்குமா என்பது இன்னொரு கேள்வி. கல்யாணப் பேச்சு நடக்கும் தங்கையிடம் இதைச் சொல்லவா வேண்டாமா என்பது மற்றொன்று. கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: “என் பால்தான் அவனுக்கு விஷமாகிவிட்டதா, டாக்டர்?”

அன்புள்ள சகோதரி,

கடைசி வரிக்கு முதலில் பதில். இல்லை. தாய்ப்பாலில் புரதம் மிகக் குறைவு, 100 மில்லிக்கு ஒரு கிராம் அளவில்தான் இருக்கும். பிறந்த குழந்தையின் உடம்பு முதல் சில நாட்களில் தன் சொந்தப் புரதத்தையே கரைத்துப் பயன்படுத்தும். அதிலிருந்து வரும் அம்மோனியாவே இந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்குத் தாங்க முடியாத அளவு. ஒரு சொட்டுப் பால் கொடுக்காமல் இருந்திருந்தாலும் அது ஏறியிருக்கும். வயிற்றில் இருந்த ஒன்பது மாதமும் குழந்தையின் அம்மோனியாவை நஞ்சுக்கொடி வழியாக வாங்கி வெளியேற்றியது உங்கள் கல்லீரல்தான். அதனால்தான் அவன் நல்ல எடையோடு, நன்றாக அழுதுகொண்டு பிறந்தான். தொப்புள்கொடி அறுந்த பிறகே அவனுடைய கல்லீரல் அந்த வேலையைத் தனியாகச் செய்ய வேண்டி வந்தது. அதற்கான நொதி அவனிடம் இல்லை.

அறிக்கையில் ஓ.டி.சி. என்று இருப்பதன் முழுப் பெயர் ஆர்னிதைன் டிரான்ஸ்கார்பமைலேஸ். நாம் சாப்பிடும் புரதமும் உடம்பில் கரையும் புரதமும் கடைசியில் நைட்ரஜன் கழிவை விடுகின்றன. அது அம்மோனியா, மூளைக்கு ஆகாதது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. இந்தச் சுழற்சியை 1932-இல் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்ஸலைட்டும் கண்டுபிடித்தார்கள். இதன் முதல் இரண்டு படிகள் கல்லீரல் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளே, அதாவது செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் சின்ன அறைகளுக்குள்ளே, நடக்கின்றன. முதல் நொதி அம்மோனியாவைப் பிடித்துக் கார்பமாயில் பாஸ்பேட் ஆக்குகிறது. இரண்டாவது நொதியான ஓ.டி.சி. அதை ஆர்னிதைனோடு சேர்த்துச் சிட்ருலினை உண்டாக்குகிறது. சிட்ருலின் மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியே வந்த பிறகு மீதிப் படிகள் நடக்கின்றன.

ஓ.டி.சி. இல்லையென்றால் சிட்ருலின் உண்டாகாது. தேங்கிய கார்பமாயில் பாஸ்பேட் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளியே கசிந்து, வேறு பாதையில் போய், ஓரோடிக் அமிலமாகச் சிறுநீரில் இறங்கும். உங்கள் மகனின் அறிக்கையில் இந்த இரண்டு தடயமும் இருக்கின்றன. முதல் நொதி குறைந்திருந்தால் சிட்ருலின் மட்டும் குறையும், ஓரோடிக் அமிலம் கூடாது. அதனால் மரபணுப் பரிசோதனை செய்யாவிட்டாலும், அந்த அறிக்கை ஓ.டி.சி.யைத்தான் பலமாகச் சுட்டுகிறது. யூரியா சுழற்சியில் வரும் பிறவிக் குறைபாடுகளில் அதிகம் காணப்படுவதும் இதுவே.

மூன்றாம் நாள் வந்த வேகமான மூச்சு இந்த நோயின் ஆரம்பக் குறிகளில் ஒன்று. கூடிய அம்மோனியா மூளையின் மூச்சு மையத்தைத் தூண்டிவிடும். பிறகு மூளைச் செல்களுக்குள் குளூட்டமின் சேர்ந்து, நீர் கோத்து, மூளை வீங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ரத்தத்தில் கிருமி பரவியதற்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. நன்றாகப் பிறந்து, ஒன்றிரண்டு நாள் கழித்துத் துவண்டுபோகும் எந்தக் குழந்தைக்கும் கிருமிப் பரிசோதனையோடு அம்மோனியாவும் பார்க்க வேண்டும் என்பதைக் குழந்தைகள் பிரிவில் வேலை செய்யும் எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டும். இந்தப் பதிலைப் படிக்கும் செவிலியர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

எல்லாக் குழந்தைக்கும் வராது. சொந்தத்தில் கட்டியதும் காரணமில்லை

மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து வருகிறது என்று நீங்கள் படித்தது உண்மைதான். அதற்குள் தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ.வும் இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது 37 மரபணுக்கள் மட்டுமே, அவற்றில் 13-தான் புரதங்களுக்கானவை. மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் மற்றப் புரதங்கள் ஆயிரத்துக்கு மேல். அவற்றுக்கான மரபணுக்கள் செல்லின் உட்கருவில் இருக்கின்றன. ஓ.டி.சி. அந்த வகை. வெளியே தயாராகி, ஒரு முகவரிச் சீட்டோடு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், அங்கே சீட்டு கழன்ற பிறகு வேலையைத் தொடங்கும் நொதி அது. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது.

பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்று. உங்கள் இரண்டு எக்ஸில் ஒன்றில் மட்டும் பிழை இருந்தால் நீங்கள் கேரியர். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள ஆண், நோயில்லாத ஆண், கேரியர் பெண், பிழையே இல்லாத பெண் என்று நான்கு வாய்ப்புகள், நான்கும் சமம். அதாவது கடுமையான நோயோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சின்ன வாய்ப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது போல எல்லாக் குழந்தையும் இல்லை.

இப்போது உங்கள் குடும்ப வரைபடத்தைப் பாருங்கள். பாட்டியின் இரண்டு ஆண் குழந்தைகள் முதல் வாரத்தில் இறந்திருக்கிறார்கள். அதே பாட்டியின் மகள் உங்கள் அம்மா, அம்மாவின் மகள் நீங்கள், உங்கள் மகன் நான்காம் நாள் இறந்தான். பிழை பெண் வழியாக இறங்கி, ஆண் குழந்தைகளில் வெளிப்பட்டிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. உங்கள் கணவரும் அதே பாட்டியின் மகன்தான், ஆனால் அவருக்குப் பாட்டியின் பிழையில்லாத எக்ஸ் கிடைத்திருக்கிறது. மகனுக்கு அப்பா கொடுப்பது ஒய் குரோமோசோம். ஆகவே முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டியிருந்தாலும் இந்த நோய்க்கான வாய்ப்பு இதேதான்.

சொந்தத்தில் கட்டுவதால் கூடும் நோய்கள் உண்டு. அம்மா, அப்பா இருவரிடமும் ஒரே பிழை இருந்தால் மட்டும் வரும் வகை அவை. யூரியா சுழற்சியிலேயே வேறு சில நொதிகளின் குறைபாடு அப்படித்தான் வருகிறது. நீங்கள் மரபியல் ஆலோசனைக்குப் போகும்போது அதையும் தனியாகக் கேளுங்கள். ஆனால் இந்தக் குழந்தையின் சாவுக்கு உங்கள் கல்யாணத்தைக் குற்றம் சொல்வதில் மருத்துவ உண்மை இல்லை. வேறு பெண் பார்க்கும் பேச்சுக்கு இது காரணமே ஆகாது. மனைவி இருக்கும்போது இன்னொரு கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றமும்கூட.

பாட்டியிடம் இதைச் சொல்லும்போது கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். ‘அப்படியானால் என்னால்தானா’ என்று அவர் உடைந்துபோகக்கூடும். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தும், என்ன நோய் என்று ஒருவரும் சொல்லாமலே வாழ்ந்துவிட்டவர் அவர். எந்த மரபணு யாருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுத்தவர் யாரும் இல்லை.

முதலில் உங்கள் உயிர்

நீங்கள் குழந்தையைப் பற்றி ஐந்து பக்கம் எழுதிவிட்டு, உங்களைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்த நாலு வரிதான்.

கேரியர் பெண்களில் பலருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் தெரியாது. கல்லீரலின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று மட்டுமே இயங்கும். எந்தச் செல்லில் எது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். பிழையுள்ள எக்ஸ் அதிகமான செல்களில் இயங்கினால் அந்தப் பெண்ணுக்கும் அம்மோனியா ஏறலாம். கறி, முட்டை மேல் சிறு வயதிலிருந்தே வெறுப்பு, விருந்துக்குப் பிறகு தலைவலி, வாந்தி ஆகியவை நாங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளும் குறிகள். நாக்கு வேண்டாம் என்றதை உங்கள் உடம்பு காரணத்தோடுதான் சொல்லியிருக்கலாம்.

பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை கேரியர் பெண்களுக்கு ஆபத்தான காலம். கர்ப்பப்பை சுருங்கும்போது அதன் தசைப் புரதம் கரைந்து ரத்தத்தில் இறங்கும். அம்மோனியா அப்போது ஏறினால் பேச்சு குழறும், நடத்தை மாறும், மயக்கமாகிக் கோமாவுக்கும் போகலாம். அதைப் பிரசவ ஜன்னி என்றோ மனநோய் என்றோ எடுத்துக்கொள்வது எளிது. உங்களுக்கு அன்று நடந்தது இதுதான் என்று பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆறாம் நாள் வந்ததும், குளுக்கோஸ் டிரிப்புக்குப் பிறகு தெளிந்ததும் அப்படித்தான் நினைக்க வைக்கின்றன. குளுக்கோஸ் உடம்பு புரதத்தைக் கரைப்பதை நிறுத்தும். இந்த நோய்க்கு முதல் மருந்தே அதுதான்.

அதனால் இந்த வாரமே அம்மோனியாவும் ரத்த அமினோ அமிலங்களும் பாருங்கள். அம்மோனியாவுக்கு ரத்தம் எடுக்கும் விதம் முக்கியம். கையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, குழாயை அரைமணி நேரம் மேசையில் வைத்திருந்தால் எண் பொய்யாக ஏறிவிடும். கட்டை இறுக்காமல் எடுத்து, ஐஸில் வைத்து, உடனே லேபுக்குப் போக வேண்டும். அதை நீங்களே கேட்கலாம், தயங்க வேண்டாம். அறிக்கையில் அலகையும் பாருங்கள். சில லேபுகள் மைக்ரோமோலில் தருவதில்லை, வேறு அலகில் அதே அளவு பெரிய எண்ணாகத் தெரியும்.

பருப்பையும் பாலையும் அடியோடு நிறுத்தியது தவறு. தேவையான புரதம் வெளியிலிருந்து வரவில்லையென்றால் உடம்பு தன் தசையைக் கரைக்கும், அதிலிருந்தும் அம்மோனியாதான் வரும். வயிற்றில் குழந்தை வளரும்போது இது இன்னும் மோசம். வழக்கமாக உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் அளவு பருப்பு, தயிர், பால் மறுபடி தொடங்குங்கள். ஒரே வேளையில் நிறையச் சாப்பிட வேண்டாம், புரதப் பவுடர் வேண்டாம். சரியான அளவை இந்த நோய் தெரிந்த உணவியல் நிபுணர் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். பட்டினி உங்களுக்கு ஆகாது. வெள்ளி, சஷ்டி விரதங்களை விட்டுவிடுங்கள். மசக்கை வாந்தியில் அரை நாள் எதுவும் தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துகளில் ஒன்றின் பெயரை மட்டும் மனதில் பதியுங்கள்: வால்ப்ரோயேட். வலிப்புக்கும் மனநிலை மாற்றத்துக்கும் கொடுக்கும் மாத்திரை. ஓ.டி.சி. பிழை உள்ளவருக்கு அது அம்மோனியாவை அபாயமாக ஏற்றிவிடும், கருவுக்கும் கெடுதல். அன்று கொடுத்த சீட்டில் அது இருந்ததா என்று பாருங்கள். இப்போதும் ஏதாவது மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல், நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். குறைமாதப் பிரசவ பயத்தில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் அம்மோனியாவைக் கூட்டலாம். குழந்தைக்கு அது தேவைப்பட்டால் போடத்தான் வேண்டும்; போட்டால் உங்கள் அம்மோனியாவைக் கூடவே கவனிக்க வேண்டும்.

இந்தக் கர்ப்பத்தில் என்ன செய்யலாம்

ஒன்பது வாரம் ஆகிவிட்டது, நாட்களைக் கணக்குப் பார்த்து நகர வேண்டும். மரபியல் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போய் உங்கள் ரத்தத்தில் ஓ.டி.சி. மரபணுவைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையைத் தேடும் பரிசோதனையோடு, மரபணுவின் ஒரு துண்டே காணாமல் போயிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் வேண்டும். கர்ப்பமாக இருப்பதைச் சொன்னால் அவசர வரிசையில் எடுப்பார்கள். மகனுக்கு எடுத்த ரத்தக் கறை அட்டையோ டி.என்.ஏ.வோ அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் இருக்கிறதா என்று உங்கள் கணவர் நேரில் போய்க் கேட்கட்டும். இருந்தால் அதுதான் மிகச் சிறந்த ஆதாரம். உங்கள் ரத்தத்தில் பிழை எதுவும் தெரியவில்லை என்று வந்தால் ‘ஒன்றுமில்லை’ என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். வழக்கமான பரிசோதனைக்குப் பிடிபடாத பிழைகளும் உண்டு. உங்கள் குடும்ப வரலாற்றோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

பிழை தெரிந்துவிட்டால், 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து சிறு திசு எடுத்துக் கருவுக்கு அது இருக்கிறதா என்று பார்க்கலாம். அது தவறினால் 16 வாரத்தையொட்டிப் பனிக்குட நீரில் பார்க்கலாம். தேர்ந்த கைகளில் இதனால் கரு கலையும் அபாயம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

ஸ்கேன் சென்டரில் சொன்னது பாதி உண்மை. கருவின் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் குற்றம், அதில் மாற்றமே இல்லை. ஆனால் அதே 1994-ஆம் ஆண்டுச் சட்டம், எக்ஸ் குரோமோசோம் வழி வரும் நோய்கள், வளர்சிதை மாற்ற நோய்கள் போன்றவற்றைக் கண்டறியக் கருவைப் பரிசோதிக்க அனுமதிக்கிறது. குடும்பத்தில் மரபணு நோய் இருப்பது அதற்கான தகுதிகளில் ஒன்று. பதிவுபெற்ற மையத்தில், உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதிய ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு செய்வார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ‘இந்தக் குழந்தைக்கு நோய் வருமா’ என்பது மட்டுமே.

நோய் இருக்கிறது என்று தெரிந்தால் இரண்டு பாதை. கர்ப்பத்தைத் தொடராமல் இருப்பது ஒன்று. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். கருவுக்குக் கடுமையான குறைபாடு இருந்தால் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் பார்த்து முடிவெடுக்கலாம் என்று 2021-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். வயது வந்த பெண்ணுக்கு அவருடைய ஒப்புதல் மட்டுமே வேண்டும். கணவர் கையெழுத்தோ மாமியார் சம்மதமோ சட்டம் கேட்கவில்லை. இன்று பயத்தில் கலைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அது வேண்டாம். நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு இந்த நோய் கடுமையாக வராத குழந்தைக்கு இருக்கும்போது, தெரிந்துகொண்டு முடிவெடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.

குழந்தையைப் பெற்றெடுத்து வைத்தியம் பார்ப்பது இன்னொரு பாதை. பரிசோதனையே வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும், ஆண் குழந்தை பிறக்கலாம் என்று வைத்துக்கொண்டு இதே ஏற்பாடுகளோடுதான் பிரசவம் நடக்க வேண்டும். பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சை, ராத்திரியிலும் அம்மோனியா பார்க்கும் லேப், சின்னக் குழந்தைக்கு டயாலிசிஸ் செய்யும் வசதி மூன்றும் ஒரே கட்டடத்தில் இருக்கும் ஆஸ்பத்திரி வேண்டும். பிறந்தவுடனேயே புரதத்தை நிறுத்திவைத்து, குளுக்கோஸ் டிரிப் தொடங்கி, சோடியம் பென்சோயேட், ஆர்ஜினைன் போன்ற மருந்துகளைத் தயாராக வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மோனியா பார்ப்பார்கள். ஏறினால் டயாலிசிஸ். புரதத்தை ஒன்றிரண்டு நாளுக்கு மேல் நிறுத்திவைக்க மாட்டார்கள், அளந்து மறுபடி தொடங்குவார்கள். குதிகாலில் குத்தி எடுக்கும் பச்சிளம் குழந்தைப் பரிசோதனையை இந்த நோய்க்கு நம்பியிருக்க வேண்டாம். அது பல சமயம் ஓ.டி.சி.யைத் தவறவிடும், முடிவு வருவதற்குள் குழந்தை மோசமாகியும் விடும்.

முன்கூட்டியே தெரிந்து வைத்தியம் தொடங்கிய குழந்தைகள் நிச்சயம் பலனடைகிறார்கள். ஆனாலும் கடுமையான வகையில், எல்லாம் சரியாகச் செய்தும் அம்மோனியா ஏறிவிடுவதுண்டு. இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு முதல் வயதுக்குள்ளேயே கல்லீரல் மாற்று செய்யப் பல மையங்கள் பார்க்கின்றன. புதுக் கல்லீரலில் நொதி இருப்பதால் அம்மோனியா பிரச்சினை தீர்ந்துவிடும். அதற்கு முன்பு மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பை மட்டும் அது திருப்பாது. கேரியரான தாயின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுக்கப் பொதுவாகத் தயங்குவார்கள். உங்கள் கணவரிடம் இந்தப் பிழை இல்லாததால், ரத்தப் பிரிவும் மற்றவையும் ஒத்துவந்தால் கொடுப்பதற்கு அவர் நல்ல ஆள். மாற்றுக்குப் பிறகு எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை வாழ்நாள் முழுக்க வேண்டும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையில் யூரியா சுழற்சிக் குறைபாடுகள் இடம்பெற்றிருக்கின்றன. அதற்கென அறிவித்த சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழி உண்டு. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் இதைப் பற்றிக் கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் கல்லீரல் மாற்று இருக்கிறது. உங்கள் கார்டில் என்ன கிடைக்கும் என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், பிரசவத்துக்குப் பிறகு அலைய நேரம் இருக்காது.

மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சத்து என்று யாரோ விற்ற பவுடரைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இல்லாத நொதியை எந்தப் பவுடரும் உண்டாக்காது. அந்தப் பணத்தை மரபணுப் பரிசோதனைக்கு வையுங்கள்.

அமெரிக்கச் செய்தி

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைச் செய்தி. பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் 2025-இல் ஒரு குழந்தைக்கு, அவனுடைய பிழைக்கென்றே தயாரித்த மரபணுத் திருத்த மருந்தைக் கொடுத்தார்கள். அவனுக்குக் குறைந்திருந்தது ஓ.டி.சி.க்கு முந்தைய படியில், அதே மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் முதல் நொதி. அதன் பிறகு அதிகப் புரதம் தாங்கினான், மருந்துகளைக் குறைக்க முடிந்தது. முழுக்கக் குணமாகிவிட்டதாக அந்த டாக்டர்களே சொல்லவில்லை, தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். இது ஒரே ஒரு குழந்தைக்காக ஒரு பெரிய குழு மாதக்கணக்கில் செய்த வேலை.

ஓ.டி.சி.க்கே மரபணுச் சிகிச்சை முயற்சி 1999-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர், லேசான வகை நோயோடு மாத்திரையிலும் உணவுக் கட்டுப்பாட்டிலும் நன்றாக இருந்தவர், மற்றக் குழந்தைகளுக்கு உதவும் என்று முன்வந்தார். மரபணுவைக் கொண்டுபோக வைத்த வைரஸுக்கு உடம்பு கடுமையாக எதிர்வினை காட்டி, நான்கே நாளில் இறந்துபோனார். அதன் பிறகு இந்தத் துறை மிகவும் எச்சரிக்கையாக நகர்கிறது. இது வளரட்டும், நானும் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் உங்கள் பிரசவத்துக்கு இன்னும் ஏழு மாதம்தான் இருக்கிறது. அதற்குள் இது நம் கைக்கு வரும் என்று எதையும் தள்ளிப்போட வேண்டாம்.

தங்கையிடம் சொல்லுங்கள்

நீங்கள் கேரியர் என்று உறுதியானால் உங்கள் அம்மாவும் கேரியராக இருக்க வாய்ப்பு மிக அதிகம். அப்படியானால் தங்கைக்குப் பாதிக்குப் பாதி. கல்யாணம் தடைபடும் என்று மறைத்தால், அவள் பிரசவித்து இரண்டாம் நாள் அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாமல் நிற்க நேரிடும். பிழை என்ன என்று உங்களிடம் தெரிந்துவிட்டால் அவளுக்கு ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதும். முடிவை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவள் அவள்தான். மாப்பிள்ளை வீட்டில் எப்போது, எப்படிச் சொல்வது என்பதையும் அவளே முடிவு செய்யட்டும், நீங்கள் கூட இருங்கள். கேரியர் பெண்கள் நல்ல குழந்தைகளைப் பெற்று வாழ்கிறார்கள். அடுத்த முறை கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே, சோதனைக்குழாய் முறையில் உருவான கருவைப் பரிசோதித்துப் பிழையில்லாததை வைக்கும் வழியும் உண்டு. அவளுக்கு இன்னும் அந்த நேரம் இருக்கிறது.

ஒரு தாளில் நான் எழுதுவதை அப்படியே எழுதி, லேமினேட் செய்து, உங்கள் கர்ப்பிணிப் பதிவு அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். கணவரின் போனிலும் ஒரு போட்டோ இருக்கட்டும்: ‘ஓ.டி.சி. குறைபாட்டின் கேரியராக இருக்கலாம். முதல் மகன் நான்காம் நாள் அம்மோனியா கூடி இறந்தான். பட்டினி போடக் கூடாது. வால்ப்ரோயேட் கொடுக்கக் கூடாது. வாந்தி, குழப்பமான பேச்சு, அதிகத் தூக்கம் இருந்தால் உடனே அம்மோனியா பார்க்கவும். முடிவுக்குக் காத்திருக்காமல் 10 சதவீத குளுக்கோஸ் டிரிப் தொடங்கவும். பிரசவத்துக்குப் பின் இரண்டு வாரம் இதே கவனம் தேவை.’ பரிசோதனை முடிவு வந்ததும் ‘இருக்கலாம்’ என்பதைத் திருத்தி, பிழையின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.